ஒல்லி உடம்பில் கொழுப்பு

அனுசியாவின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்த பெண், "தொண்ணூற்றேழு சென்டிமீட்டர்" என்று சத்தமாகச் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

ராஜபாளையத்தில் அனுசியா வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் அன்று மருத்துவ முகாம். துணி மடிக்கிற மேஜைகளை ஒதுக்கிவிட்டு எடை மெஷினை வைத்திருந்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிற சின்ன மெஷின் ஒன்றும் இருந்தது. உடம்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்று அது காட்டும். அவளுக்கு நாற்பத்தொன்று. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துக் கொழுப்பும் சர்க்கரையும் பார்த்துவிடச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டை நாலாக மடித்து டிபன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவள் கணவன் அழகுராஜா நூல் மில்லில் ஃபிட்டர். வயது நாற்பத்தொன்று, எடை ஐம்பத்தெட்டு கிலோ. கல்யாணத்தின்போது எந்தத் துளையில் பெல்ட்டை மாட்டினானோ அதே துளையில்தான் இன்றும் மாட்டுகிறான். யாரையும் கேலி பேசுகிறவன் இல்லை. ஆனால் அனுசியா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டால் அவன் கண் அவள் தட்டுக்குப் போகும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அந்தப் பார்வை ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய அண்ணன் தங்கப்பாண்டியன் தளவாய்புரத்தில் தன் வீட்டு வாசலில் பைக்கைக் கிளப்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயது நாற்பத்து மூன்று. நல்ல பருமனான ஆள். அவர் மனைவி வெங்கடேஸ்வரியின் கைமணம் அந்தத் தெருவுக்கே தெரியும். கேத வீட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் மாமியார் கருத்தம்மாள், "எம்புள்ளைய நெய்யும் கறியுமா ஆக்கிப் போட்டே கொன்னுட்டா" என்று சொன்னாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. அழகுராஜாவும் பேசவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வெங்கடேஸ்வரி மகன் கௌதம்ராஜைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதன்பிறகு போக்குவரத்து இல்லை.

அழகுராஜாவின் அப்பா பால்சாமியும் நாற்பத்திரண்டில் போனவர்தான். கான்சாபுரத்தில் வயலில் நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் ஒல்லி. அதனால் அதை வெயில் அடித்த சாவு என்றார்கள். அண்ணனுடையது சோற்றுச் சாவு. இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ரத்தம் கொடுக்க அனுசியா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகலாம் என்றாள். அங்கே அவளோடு பிளஸ் டூ படித்த செலினா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லேப் வைத்திருந்தாள். உள்ளூரில் தெரிந்தவர்கள் கண்ணில் ரிசல்ட் படும் என்று அனுசியாவுக்குக் கூச்சம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகுராஜா பைக்கில் கூட்டிப் போனான். அவள் சாப்பிடாமல் வரும்போது தான் மட்டும் சாப்பிடுவதா என்று அவனும் ஒன்றும் சாப்பிடவில்லை.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அனுசியாவுக்கு ரத்தம் எடுத்து முடித்துக் கீழே விழுந்த பஞ்சை எடுக்கக் குனிந்த செலினா, அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, குதிங்காலுக்கு மேல இந்தத் தடிப்பு எம்புட்டு நாளா இருக்கு?"

மெஷின் பக்கத்தில் நின்றே வேலை பார்க்கிற கால், பல வருஷமாக அப்படித்தான், வலி கிடையாது என்றான். செலினா கையைக் காட்டச் சொன்னாள். விரல் முட்டிகளுக்கு மேலும் அதே மாதிரி சின்னச் சின்னக் கெட்டி. அவனுடைய அப்பா எந்த வயதில் இறந்தார், எப்படி இறந்தார் என்று கேட்டாள். காலுக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமலே அவன் சொன்னான். அண்ணனைப் பற்றி அனுசியா சொன்னாள்.

"காலையில ஏதும் சாப்பிட்டியளா?"

"இல்ல."

"அப்பம் உங்களுக்கும் ஒரு குழாய் எடுத்துக்கிடுதேன். வேண்டாம்னு சொல்லாதீய."

மறுநாள் செலினா போனில் நம்பர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் நேரில் வரவேண்டும் என்றாள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து போனார்கள். இரண்டு தாளையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தாள். கெட்ட கொழுப்பு என்று சொல்கிற எல்டிஎல் அனுசியாவுக்கு நூற்றுப் பதினெட்டு. அழகுராஜாவுக்கு இருநூற்று அறுபத்தெட்டு. நூற்றுத் தொண்ணூறைத் தாண்டினாலே சும்மா விடக்கூடாது என்றாள் செலினா.

அழகுராஜா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் மனைவியைப் பார்த்தான்.

"குழாய் மாறிப் போச்சு" என்றான். "அவளோடத எம்பேர்ல போட்டுட்டீய."

செலினா பதில் சொல்வதற்குள் அனுசியா முந்திக்கொண்டாள். "ஆமா செலினா. அது என்னோடதாத்தான் இருக்கும்."

சொல்லும்போதே அவளுக்குள் ஏதோ அடங்கினாற்போல இருந்தது. கெட்டது எதுவானாலும் தன் உடம்பில்தான் இருக்கும் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அவன் தப்பித்தால் சரி.

"ஏட்டி, உனக்கே இருக்கட்டும்னு கேட்டு வாங்குதியா?" என்றாள் செலினா. குரலில் கோபம் இல்லை. லேப் வைத்த பத்து வருஷத்தில் ஒருவர் காலில் இந்த மாதிரித் தடிப்பை முன்பும் ஒரு தடவை பார்த்திருப்பதாகவும், அன்று வாய் திறக்காமல் இருந்துவிட்டதாகவும் சொன்னாள். அந்த ஆள் என்ன ஆனார் என்று அவள் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் திரும்பவும் வெறும் வயிற்றோடு வரச் சொன்னாள். வந்ததும் அழகுராஜா கையில் பேனாவைக் கொடுத்து, குழாயில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் அவனையே பேர் எழுதச் சொன்னாள். அவன் அழுத்தி எழுதினான். அவன் கண் முன்னாலேயே ரத்தத்தை மெஷினில் போட்டுச் சுற்ற விட்டாள். மெஷினிலிருந்து தாள் வரும்வரை அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இருநூற்று எழுபத்தொன்று.

தாளை வாசித்துவிட்டு அவன், "மன்னிச்சுக்கிடும்மா" என்று செலினாவிடம் சொன்னான்.

ராஜபாளையத்தில் செலினா போகச் சொன்ன டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். காலையும் கண்ணையும் பார்த்தார். இது சாப்பாட்டால் வந்த கொழுப்பு இல்லை, பிறக்கும்போதே வந்தது என்றார். ரத்தத்தில் சேர்கிற கொழுப்பை ஈரல் இழுத்து அப்புறப்படுத்த வேண்டும். சில குடும்பங்களில் அந்த வேலை பாதிதான் நடக்கும். அப்படிப்பட்டவர் ஒல்லியோ குண்டோ, சின்ன வயதிலிருந்தே ரத்தக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துகொண்டே வரும். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், சரிபாதி வாய்ப்பு. இதையெல்லாம் சொல்லிவிட்டு அனுசியாவின் தாளையும் எடுத்தார். அவளுக்கு எல்டிஎல் பயப்படும்படி இல்லை. ஆனால் ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு கூடியிருக்கிறது, வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றெட்டு. டேப்பில் வந்த தொண்ணூற்றேழோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் சில வருஷத்தில் சர்க்கரை நோய் வரக்கூடும் என்றார்.

"டேப் ஒண்ணு சொல்லுது, ரத்தம் இன்னொண்ணு சொல்லுது. ரெண்டுமே முன்னாடியே சொல்லிருச்சு. வந்த பொறவு தெரியலையே, அதுக்குச் சந்தோஷப்படுங்க."

அழகுராஜா தங்கப்பாண்டியனைப் பற்றிக் கேட்டான். அவருக்கு ஒரு தடவையாவது ரத்தம் பார்த்தீர்களா என்றார் டாக்டர். பார்த்ததில்லை. அப்பா, தம்பி இரண்டு பேரையும் வைத்துப் பார்க்கும்போது அவருக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும், அவருடைய பிள்ளையை உடனே பார்க்க வேண்டும் என்றார்.

வெளியே வந்து பைக்கில் ஏறாமல் அழகுராஜா நின்றான். "மதினி மேல பழியைப் போட்டோம்" என்றான்.

அந்த வாரமே மதுரையில் ஆஞ்சியோ எடுத்தார்கள். இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக் குழாயில் பாதி அடைப்பு. ஸ்டென்ட் தேவையில்லை, மாத்திரை போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் அனுசியா தளவாய்புரத்துக்குப் பஸ் ஏறினாள். அவன் தானும் வருவதாகச் சொன்னான். முதலில் தான் போய்ப் பேசிவிட்டு வருவதாக அவள் தடுத்துவிட்டாள்.

வெங்கடேஸ்வரி வீட்டு முன்னறையில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். அனுசியாவைப் பார்த்தும் மெஷினை நிறுத்தவில்லை. தையல் ஓடி முடியும்வரை அனுசியா நின்றாள். துணி முடிந்து ஊசி நின்றதும் சொன்னாள்.

"அக்கா, கௌதம் அப்பா செத்தது உங்க சாப்பாட்டால இல்ல."

வெங்கடேஸ்வரி நிமிர்ந்தாள். அனுசியா கொண்டுவந்திருந்த தாளைக் காட்டி, ஒல்லியான அழகுராஜாவுக்கு வந்த நம்பரையும் டாக்டர் சொன்னதையும் விடாமல் சொன்னாள். முடித்ததும் வெங்கடேஸ்வரி, அந்த நம்பரை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தாள்.

"நாலு வருஷமா இந்த வீட்ல தாளிக்கல" என்றாள் வெங்கடேஸ்வரி. "ஒரு பொட்டு எண்ணெய் கிடையாது. அவிச்சதையே எம்புள்ளைக்குப் போட்டேன். அவன் ஒரு நாளும் கேக்கல. எனக்குப் பயம்னு அவனுக்குத் தெரியும்."

அனுசியா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அன்று கேத வீட்டில் தானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்லி அழுதாள். வெங்கடேஸ்வரி அழவில்லை. துணிக் குவியலைத் தள்ளி வைத்துவிட்டு, மகனை எப்போது கூட்டி வரவேண்டும் என்று கேட்டாள்.

மகன் கௌதம்ராஜுக்கு இருபது வயது. பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். அவனுக்கு எல்டிஎல் இருநூற்று முப்பத்தாறு வந்தது. நான்கு வருஷம் அவித்ததைச் சாப்பிட்ட உடம்பில் அத்தனை. வெங்கடேஸ்வரி டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், தான் தாளித்தால் அது கூடுமா என்று. அளவாகத் தாளியுங்கள், பெரிய வேலையை மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்றார் டாக்டர். இந்த வயதிலேயே ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களைப் போல முழு ஆயுசும் இருக்கலாம் என்றும் சொன்னார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் ரசம் தாளித்ததாகக் கௌதம்ராஜ் சித்திக்குப் போன் பண்ணிச் சொன்னான்.

கருத்தம்மாளிடம் அழகுராஜாவே பேசினான். கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து போய் முகம் கழுவினாள். என் புருஷன் வழியாக வந்ததா என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் தளவாய்புரம் போனாள். அங்கே என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. "அத்தை வந்தாக. ரெண்டு நாள் இருந்தாக" என்று மட்டும் வெங்கடேஸ்வரி சொன்னாள்.

அழகுராஜாவின் மகள் சத்யப்பிரியா ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவன்தான் இன்றைக்கு நாளைக்கு என்று இரண்டு மாதம் தள்ளினான். அதற்குள் அவனுடைய எல்டிஎல் நூற்று நான்குக்கு இறங்கிவிட்டது. அனுசியாவும் தினம் காலையில் நடந்து, சோற்றைக் குறைத்து, இடுப்பைத் தொண்ணூற்று மூன்றுக்குக் கொண்டுவந்திருந்தாள். இப்போது தட்டைப் பார்ப்பது இரண்டு பேரும்தான். அவரவர் தட்டை மட்டும். மகள் விஷயத்தில் அவன் பயத்தைப் பார்த்து அனுசியா, "உங்களுக்கு நாப்பத்தொண்ணுல தெரிஞ்சுது. அவளுக்குப் பதினாலுல தெரியட்டுமே" என்றாள். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனார்கள்.

மகளுக்கும் இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அழகுராஜா லேப் வாசலில் போய் நின்றுகொண்டான். நல்லது எத்தனையோ கொடுத்திருக்கலாம், இதைப் போய்க் கொடுத்துவிட்டேனே என்று அனுசியாவிடம் முணுமுணுத்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா மதுரை டாக்டரோடு கலந்து பேசி, சின்ன அளவில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும், மற்றபடி இந்தப் பிள்ளைக்கு எந்தத் தடையும் இல்லை என்றார். சத்யப்பிரியா இவ்வளவு நேரமும் காத்திருந்தது ஒரே கேள்வியோடு. சனிக்கிழமை வாலிபால் மேட்ச் இருக்கிறது, ஆடலாமா என்று கேட்டாள்.

"ஆடு. நல்லா ஓடி ஆடு" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை மேட்சுக்கு எல்லோரும் போனார்கள். வெங்கடேஸ்வரியும் கௌதம்ராஜும் தளவாய்புரத்திலிருந்து வந்தார்கள். சத்யப்பிரியாவின் அணி கடைசி செட்டில் இரண்டே பாயின்டில் தோற்றது. கோட்டில் விழுந்த பந்தை வெளியே என்று ரெஃபரி சொல்லிவிட்டார் என்று பஸ்ஸில் வீடு வரும்வரைக்கும் அவள் சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். அவள் சொல்வதுதான் சரி என்று கௌதம்ராஜும் சேர்ந்துகொண்டான். அழகுராஜா முன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து, அடுத்த மேட்சுக்கு எப்படிச் சர்வீஸ் போட வேண்டும் என்று அவளுக்குக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.