வெட்டாமல் விட்ட துணி

துணிக்கடையின் பின்னறையில் பெரியவளுக்கு ஒரு தையல் மெஷின், ஒரு ஜன்னல், கழுத்தில் ஒரு இஞ்ச் டேப். முன்னறையில் தங்கைக்கு ஒரு கேமரா. புதிதாக வந்திறங்கும் உடுப்புகளைத் தங்கை போட்டுக்கொண்டு போனில் நேரலையாகக் காட்டுவாள். பார்ப்பவர்கள் கீழே எழுதிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் அவளுக்குப் பெயர் பன்னு. பிறந்தபோதே கன்னம் அப்படி.

முதல் வாரத்திலேயே யாரோ, 'துணி நல்லா இருக்கு, உள்ள இருக்கிற மூட்டையை இறக்கி வச்சுட்டுக் காட்டுங்க' என்று எழுதியிருந்தார்கள். கடைக்காரம்மா அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தார். பன்னுவும் சிரித்தாள். பெரியவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

அதன் பிறகு பன்னு, கடையில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று வீட்டிலும், வீட்டிலேயே சாப்பிட்டாயிற்று என்று கடையிலும் சொல்லத் தொடங்கினாள். இரண்டு இடத்திலும் இருந்தவள் பெரியவள் ஒருத்திதான்.

இஞ்ச் டேப்புக்குத்தான் முதலில் தெரிந்தது. இடுப்பு முப்பத்திரண்டு, முப்பது, இருபத்தேழு. கடை உடுப்பை முதுகுப் பக்கம் க்ளிப் போட்டு இறுக்கிவிடலாம். வீட்டில் போடுவதை என்ன செய்வது?

"அக்கா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக் குடேன். தொளதொளன்னு போனா அம்மா பிலுபிலுன்னு பிடிச்சுக்குவாங்க."

"அப்ப ஒழுங்கா சாப்பிடுடி."

"சாப்பிடறேன். நீ முதல்ல பிடி."

பெரியவள் தையலில் கைகாரி. பக்கத் தையலை உள்ளே தள்ளி அவள் பிடித்துக் கொடுத்தால், வாங்கும்போதே அந்த அளவில் வாங்கியது போலிருக்கும். தோள் எலும்பு துருத்தாமலிருக்க மெல்லிய பஞ்சுப் பட்டை வைத்தாள். கை மெலிந்தது தெரியாமல் முழுக்கை வைத்தாள். முகம் ஏன் ஒட்டிப்போயிருக்கிறது என்று அம்மா கேட்டபோது, கேமராவுக்காக அப்படி மேக்கப் போடுகிறார்கள் என்று அவளே சொன்னாள். பன்னு தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா மெச்சிக்கொண்டாள்.

மிச்சத் துணியை மட்டும் பெரியவள் வெட்டவில்லை. உள்ளேயே மடித்துத் தைத்தாள். வெட்டினால் போனது போனதுதான். மடித்து வைத்தால் சதை பிடித்ததும் பிரித்துவிடலாம். அடுத்த மாதம் பிரிக்கலாம் என்றே ஒவ்வொரு மாதமும் இருந்தாள்.

டேப் இருபத்துமூன்றில் நின்ற அன்று அதைக் கீழே வைத்துவிட்டாள். இனித் தைக்க மாட்டேன், அம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்றாள். பன்னு கோபப்படவில்லை. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஜில்லென்றிருந்தன.

"வெள்ளிக்கிழமை லைவ் முடியட்டும்க்கா. அப்புறம் நானே அம்மாகிட்ட சொல்றேன். இந்த ஒரு தடவை."

அந்த ஒரு தடவையும் பெரியவள் தைத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம், நீல உடுப்பின் பக்கவாட்டைக் காட்டத் திரும்பிய பன்னு அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இதயம் நின்றுவிட்டது. டாக்டர் அம்மாவை உட்காரவைத்து, எத்தனை மாதமாகச் சாப்பிடாமல் இருந்தாள் என்று கேட்டார். அம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"எம் பொண்ணு நல்லாத்தான் இருந்தா டாக்டர். ஒரு சட்டைகூட அவளுக்குத் தொளதொளன்னு ஆகலையே."

பெரியவள் சுவரோரம் நின்றிருந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொன்னாள். டாக்டர் ஏதோ தப்பாகச் சொல்கிறார் என்றாள். கூடவே இருந்தவள் இவள்தான், வேண்டுமானால் இவளையே கேளுங்கள் என்று பெரியவளைக் காட்டினாள். ஒவ்வொரு முறையும் பெரியவள் தலையாட்டினாள்.

மூன்றாவது வாரம், அப்படி ஒருத்தர் வந்து போனபின், பெரியவள் அலமாரியிலிருந்து பன்னுவின் மஞ்சள் சட்டையை எடுத்துவந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்புறத்தைத் திருப்பி, பிளேடு நுனியால் தையலைப் பிரித்தாள். ஒரு வரிசை பிரிந்ததும் அடியில் இன்னொரு வரிசை. அதன் அடியில் இன்னொன்று.

"யாருக்குப் பெரிசு பண்றே?" என்றாள் அம்மா.

"யாருக்கும் இல்லம்மா."

ஐந்து வரிசையும் பிரிந்தபின் சட்டையைக் கட்டிலில் விரித்தாள். வெயிலிலும் சோப்பிலும் வெளுத்துப்போன சட்டை. இரண்டு பக்கமும், உள்ளே மடிந்து கிடந்த பகுதி மட்டும் வாங்கிய அன்றிருந்த மஞ்சளிலேயே இருந்தது. அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்த மஞ்சள் பட்டையின்மேல் கையை வைத்தாள். கை அகலத்துக்குச் சரியாக இருந்தது.

"இவ்வளவா?"

"ஆமாம்மா."

"யாரு தச்சது?"

"நான்தான். ஒவ்வொரு தடவையும் நான்தான்."

அம்மா திட்டவில்லை. கையையும் எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தூரத்து உறவில் ஒரு சித்தி வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டாள். 'ஒரு சட்டைகூட' என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்தினாள்.

"சாப்பிடாம இருந்திருக்கா," என்றாள். "நான் பார்க்கலை."

அன்று பெரியவளை அவள் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.