என் வாய்க்கும் தண்ணீருக்கும் உள்ள தூரம்

நயினார்கோவில் பக்கம் மிளகாய் போட்டுக்கொண்டிருந்த எனக்கும் கடலுக்கும் இருந்த ஒரே உறவு கருவாடுதான். இருந்தாலும் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டை தைக்கிற கம்பெனியில் ஆள் எடுத்தபோது, "மாரியூர்க் கடல்ல பிறந்தவன் சார்" என்று சொல்லிச் சேர்ந்துவிட்டேன். ஒரு சுறா என்னை விழுங்கிப் பார்த்து, காரம் தாங்காமல் கரையிலேயே துப்பிவிட்டுப் போன விவரத்தையும் சொன்னேன். மேனேஜர் எழுதிக்கொண்டார். நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை. சுறா வயிற்றுக்குள் போய்வந்த ஆளிடம் அதை யார் கேட்பார்கள்?

வேலை இதுதான். எட்டடி ஆழத்தில் ஒரு இரும்புத் தொட்டி. தைத்து முடித்த சட்டைகளில் கைக்கு வந்த ஒன்றை மாட்டிக்கொண்டு நான் அதில் இறங்கி, பிணம் மாதிரி அசையாமல் மிதக்க வேண்டும். தண்ணீருக்கு மேல் என் வாய் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஆஸ்லின் அளந்து கம்ப்யூட்டரில் போடுவாள். பாம்பன்காரப் பெண், தரம் பார்க்கிற இன்ஜினியர். திரையில் ஒரு புள்ளி விழும். நடுவில் பச்சைக் கோடு, மேலும் கீழும் சிவப்புக் கோடு.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் உண்டு. புள்ளி பச்சைக் கோட்டை ஒட்டி விழுந்தால் அதற்கு நம்பிக்கை வந்துவிடும். அடுத்த சட்டையை நாலு மணி நேரம் கழித்துத்தான் கேட்கும். புள்ளி சிவப்புப் பக்கம் நகர்ந்தால் சந்தேகம் பிடித்துவிடும். கால் மணி நேரத்தில் அடுத்ததைக் கேட்கும்.

"மாமியா மாதிரி தாத்தா" என்று ஆஸ்லின் விளக்கினாள். "சந்தேகம் வந்துட்டா அடிக்கடி எட்டிப் பாக்கும்."

சேர்ந்த புதிதில் ஒருநாள் புள்ளி கொஞ்சம் இறங்கியது. அன்றைக்கு மட்டும் ஏழு தடவை என்னை இறக்கினார்கள். காலுக்குக் கீழே தரை இல்லை என்பது ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் சொம்புத் தண்ணீரைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தேன்.

மறுநாள் தொட்டிக்குள் கழுத்தை ஒரு விரல்கடை நீட்டினேன். ஒற்றைக் காலை லேசாக உதைத்தேன். இரும்புத் தொட்டிக்குள் கால் செய்வது வெளியே யாருக்குத் தெரியும்? புள்ளி பச்சைக் கோட்டில் போய் உட்கார்ந்தது. நாலு மணி நேரம் விடுதலை.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. என் கழுத்து நீண்டு, சட்டைக் காலர் தோளில் கிடந்தது. "ஒட்டகத்துக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்கு" என்றாள் என் சம்சாரம் முருகலட்சுமி.

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் எனக்கு உறைத்தது. முதல் வாரம் ஒரு கால் போதுமாக இருந்தது. இரண்டாம் வாரம் இரண்டு கால். அன்றைக்கோ சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்தால்தான் வாய் பழைய உயரத்தில் நின்றது; கொஞ்சம் ஓய்ந்தால் தண்ணீர் கீழுதட்டை நக்கியது. நான் அதே ஆள், அதே எடை. அப்படியானால் சட்டைக்குள் வைத்துத் தைக்கிற மிதவைப் பஞ்சுதான் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே வந்திருக்கிறது. கெட்டது அவ்வளவையும் என் கால் மறைத்திருக்கிறது.

"நடுக்கோட்டுலயே நிக்குது தாத்தா" என்றாள் ஆஸ்லின். "இனி மத்தியானந்தான்."

தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் வேன். ஆஸ்லினின் அப்பா செபஸ்தியான் கட்டுக்கட்டாகச் சட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். முந்நூற்று நாற்பது. அவருடைய போட்டுக்கும், பாம்பன் துறையிலுள்ள மற்ற மீன்பிடி போட்டுகளுக்கும்.

"என்னண்ணே, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? சுறா கிறா திரும்பி வந்துருச்சா?"

"சட்டை எப்பப் போடப் போறீக?"

"இன்னிக்கே போடுறோம். கடலுக்குப் போக டோக்கன் வாங்கியாச்சு, சாயங்காலம் எறங்குறோம். நீரு மெதந்து பாத்த சட்டைல்ல, எங்களுக்கு என்ன பயம்?"

சொன்னால் வேலை போகும், அது போகட்டும். நான் சொல்வதை யார் நம்புவார்? சுறாவை நம்பினவர்கள் இதை நம்ப மாட்டார்கள். காட்டித்தான் ஆக வேண்டும். காட்டுவதென்றால் காலை ஆட்டாமல் அந்தத் தொட்டிக்குள் கிடக்க வேண்டும்.

"தாயி, வேன்ல இருந்து ஒரு சட்டைய எடு. நான் இன்னொருக்க எறங்குறேன்."

"மிஷின் கேக்கலையே தாத்தா."

"நான் கேக்குறேன்."

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து என் துண்டை செபஸ்தியானிடம் நீட்டினேன். "ரெண்டு காலையும் சேத்துக் கட்டுப்பா."

"எதுக்குண்ணே?"

"மூணு வாரமா இதுக பொய் சொல்லுதுக. அவுத்து விட்டா இப்பவும் சொல்லும். எனக்கு நீச்சல் தெரியாது."

ஆஸ்லினின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. செபஸ்தியான் சிரிக்கவில்லை. குனிந்து கட்டினார்.

"அஞ்சு எண்ணுற வரைக்கும் தூக்காதீக. அளவு எடுக்கணும்" என்றேன்.

இறக்கினார்கள். கால் உதைக்கத் துடித்தது, துண்டு விடவில்லை. தண்ணீர் முகவாயைத் தாண்டியது, உதட்டைத் தாண்டியது, மூக்கை மூடியது. கண்ணுக்குக் கீழே வந்துதான் நின்றது. செபஸ்தியான் எண்ணுவது எங்கோ மேலே கேட்டது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஒரு மிளகாய்ச் சாகுபடி முழுவதும் முடிந்து, காய்ந்து, மூட்டை கட்டியாயிற்று. ஐந்து என்றதும் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்.

இருமி முடித்துப் பார்த்தபோது புள்ளி சிவப்புக் கோட்டுக்குக் கீழே, திரையின் அடிவிளிம்பில் கிடந்தது. கம்ப்யூட்டர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. செபஸ்தியான் போய் வேனிலிருந்த கட்டுகளை இறக்க ஆரம்பித்தார். ஆஸ்லின் மேனேஜருக்குப் போன் போட்டாள். பிறகு திரும்பி வந்து என் பக்கத்தில் குத்தவைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஒரு சட்டைய வச்சு மொத்தச் சரக்கையும் நிறுத்த மாட்டேங்குறாரு மேனேஜரு, தாத்தா. வேன்ல திரும்ப ஏத்தச் சொல்றாரு. மிஷின் உடனே இன்னும் அஞ்சு கேக்குது. அஞ்சும் இப்படியே வந்தாத்தான் ஒரு சட்டைகூட வெளிய போகாது."

"ஒங்க அய்யாவ எறக்கலாமே?"

"எனக்குத் தண்ணி பட்டா ஒடம்பே நீந்திரும்ணே" என்றார் செபஸ்தியான் வாசலில் இருந்தே. "காலைக் கட்டினாலும் நீந்தும். உள்ளபடிக்கு முங்குற ஆளு இங்கன நீரு ஒருத்தர்தான்."

இப்படி ஒரு பாராட்டு என் வாழ்நாளில் கிடைத்ததில்லை. பல் கிட்டித்துப்போய் நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. அடுத்த சட்டையைத் தலைவழியாக மாட்டினார்கள். செபஸ்தியான் வந்து துண்டைச் சரிபார்த்தார்.

"பயமா இருக்காண்ணே?"

"இருக்குய்யா" என்றேன். "நீ கொஞ்சம் வெரசா எண்ணு."