ஆளுக்குப் பாதி கடவுச்சொல்

சின்ன மாப்பிள்ளைக்கு அறுபது தாண்டிவிட்டது. வீட்டின் இளைய பெண்ணைக் கட்டியவர் என்பதால், தலை முழுக்க நரைத்த பிறகும் அவர் சின்ன மாப்பிள்ளைதான். மூத்த பெண்ணைக் கட்டிய சகலை வயதில் அவருக்கு இளையவர். ஆனால் அவர்தான் பெரிய மாப்பிள்ளை. இந்த அநியாயத்தை எங்கே போய் முறையிடுவது என்று தெரியாமலேயே சின்ன மாப்பிள்ளை பாதி ஆயுளை ஓட்டிவிட்டார்.

இருவரும் கூட்டாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்று தகராறு. இன்று அவர் பெயர் மேலே, நாளை இவர் பெயர் மேலே என்று பெயின்டர் அழித்து அழித்து எழுதியதில், பெயின்ட் தடித்துப் பலகை கதவைவிடக் கனமாகி, ஒருநாள் பாரம் தாங்காமல் தானாகவே கழன்று விழுந்தது. அன்றோடு ஸ்டுடியோவும் மூடியது, பேச்சும் நின்றது. "உங்க வீட்டு நாற்காலியில இனிமே உட்கார மாட்டேன்" என்றார் பெரியவர். "நானா முதல்ல வாய் திறக்க மாட்டேன்" என்றார் சின்னவர். இருவரும் சொன்ன சொல் தவறாதவர்கள். மற்றபடி நல்லவர்கள்.

அவர்களுடைய மாமனார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அவர் பிறந்தபோது அழவே இல்லையாம். பிரசவம் பார்த்தவளை ஒருமுறை முறைத்தாராம், அவள் அன்றோடு தொழிலை விட்டுவிட்டு இட்டிலிக் கடை வைக்கலாமா என்று யோசிக்கப் போய்விட்டாளாம். அப்படிப்பட்டவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை சிரித்தார். அதுவும் அந்த ஸ்டுடியோவில்.

இரண்டு மாப்பிள்ளைகளும் அவரை நடுவில் உட்காரவைத்து, கேமராவைத் தானாக எடுக்கும்படி முடுக்கிவிட்டு, ஓடிவந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். பின்னால் மாட்டியிருந்த நீர்வீழ்ச்சித் திரை சரியாக அப்போது அறுந்து, அவரை விட்டுவிட்டு மாப்பிள்ளைகள் இருவரையும் மூடியது. மாமனார் சிரித்தார். கேமரா 'க்ளிக்' என்றது. அடுத்த நிமிடமே, "இதை அழிங்கடா" என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தார்கள். ஆனால் அதற்குள் அதை ஸ்டுடியோ மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தார்கள். இருவரும் ஒரே மனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்தான் ஆளுக்குப் பாதி. ஒருவர் தன் பாதியை அடிக்கும்போது மற்றவர் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விடாமல் இரும வேண்டும். எட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு இருமல்தான் சாட்சி. ஒரே ஒரு தடவைதான் அடித்தார்கள். பிறகு கம்ப்யூட்டரே ஞாபகம் வைத்துக்கொண்டது. அந்தக் கம்ப்யூட்டர் பழைய சாமான்காரரிடம் போனபோது ஞாபகமும் கூடவே போய்விட்டது.

ஒருநாள் காலையில் மனைவி பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா சிரிச்ச முகத்தை நான் பார்த்ததே இல்லீங்க. சுவத்துல இருக்கிற எல்லா போட்டோவிலயும் முறைக்கிறார். கனவுல வந்தாக்கூட முறைக்கிறார்."

"அது அந்த மெயில்ல இருக்குமே."

"அதான் சொல்றேன். ரொம்ப நாளா தொடாத மெயிலை எல்லாம் கம்பெனிக்காரங்க இந்த மாசத்தோட அழிக்கப் போறாங்களாம்."

சின்ன மாப்பிள்ளை அன்று முழுக்கத் தனியாகவே போராடினார். தன் பாதி தெரியும். சகலையின் பாதியை ஊகித்தார். சகலையின் பெயரைப் போட்டார். பெயரோடு 'ராஜா' சேர்த்துப் போட்டார். சகலையின் ஸ்கூட்டர் எண்ணைப் போட்டார். இன்னும் ஒரே ஒரு முறை தவறினால் கணக்கை நிரந்தரமாக மூடிவிடுவோம் என்று திரையில் வந்தது. அதைப் படித்த மனைவி அக்காவுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் பெரிய மாப்பிள்ளை வந்தார். கையில் ஒரு மடக்கு நாற்காலி. அதைக் கூடத்தில் விரித்து, தூசி தட்டி, உட்கார்ந்தார்.

"வாங்கத்தான்" என்றாள் மனைவி.

"முதல் பாதி என்னோடது. அதை உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லும்மா."

"அன்னைக்கு முதல்ல இருமினது அவர்தான். அதனால முதல் பாதி என்னோடது. அதை உங்கத்தான்கிட்டச் சொல்லு."

"எனக்கு அப்போ நெஜமாவே சளி. அதையெல்லாம் கணக்குல எடுத்துக்கக் கூடாது."

வெயில் கூடத்தைக் கடந்து அடுப்படிக்குள் போனது. இருமல் ஆராய்ச்சி முடியவில்லை. மனைவி சுவரில் மாட்டியிருந்த அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். முறைத்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சின்ன மாப்பிள்ளை பார்த்துவிட்டார். தொண்டையைச் செருமினார். எதிரே இருந்தவரை நேராகப் பார்த்து, அத்தனை வருட விரதத்தை முறித்தார்.

"உங்களோடதே முதல்ல இருக்கட்டும் சகலை."

பெரியவரின் மடக்கு நாற்காலி ஒருமுறை ஆடியது. "சேச்சே. வயசுல மூத்தவர் நீங்க. உங்களோடதே முதல்ல வரட்டும்."

"பெரிய மாப்பிள்ளை நீங்கதானே."

"பேருக்குத்தான் சகலை. நீங்க போடுங்க."

"நீங்க."

"அட, நீங்கன்னா நீங்க."

இதிலும் குரல் உயர ஆரம்பித்தபோது மனைவி துணியை உதறிவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் நகருங்க. நானே அடிக்கிறேன். ஒவ்வொருத்தரா வந்து காதுல சொல்லுங்க."

சின்ன மாப்பிள்ளைக்கு வியர்த்தது. அந்த வார்த்தையை வேறு யார் காதில் வேண்டுமானாலும் சொல்லலாம். இவள் காதில் சொல்ல முடியாது. திரும்பிப் பார்த்தார். பெரியவரும் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"திட்ட மாட்டியே?"

"சொல்லுங்க."

குனிந்து, எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அசல் அப்பா முகம். அடுத்துப் பெரியவர் குனிந்தார். அவர் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை, அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவர் முடித்ததும் மளமளவென்று அடித்தாள்.

"ஐயோ, யாரோடதை முதல்ல போட்டே?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"எதைப் போட்டா என்ன? ரெண்டும் சிடுமூஞ்சிதான்."

மாப்பிள்ளைகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். மாமனாருக்கு அந்தப் பெயரை ஸ்டுடியோவில் சேர்ந்து வைத்தவர்கள் அவர்கள்தான்.

"எங்கம்மாவும் அவரை அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள் அவள். கணக்கு திறந்துகொண்டது.

ஆயிரக்கணக்கான விளம்பரக் கடிதங்களுக்கு அடியில் அந்தப் படம் இருந்தது. மாமனார் கண்கள் இடுங்க, ஒரு கடைவாய்ப் பல் இல்லாதது தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்குப் பின்னால் நீர்வீழ்ச்சி ஒரு குவியலாகக் கிடந்தது. அதற்கு அடியிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் திரையில் அவர் கன்னத்தை விரலால் தொட்டாள். "இந்தப் பல்லு விழுந்ததே எனக்குத் தெரியாது" என்றாள்.

மாப்பிள்ளைகள் இருவரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

"முன்னால தெரியறது என் கால்தான்" என்றார் பெரியவர் மெதுவாக.

"அந்தச் செருப்பு என்னோடது சகலை."

"அன்னைக்கு உங்க செருப்பைத்தான் நான் மாத்திப் போட்டுக்கிட்டேன்."

பேச்சு இரவுச் சாப்பாடு வரை போனது. சாப்பிட்டது மணைப்பலகையில் உட்கார்ந்து. அதனால் சபதத்துக்குக் குறையில்லை. கிளம்பும்போது பெரியவர் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"அந்த நாற்காலி இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா நாளைக்கு வரும்போது மறுபடி தூக்கிட்டு வரணும்."