ஒருமையில் பேசியவர்

1

சாவியைக் கீழே வை. விரலில் மாட்டிச் சுழற்றுகிறாயே, அது விளையாட்டுச் சாமான் இல்லை. என் வண்டி அது. என் வயிறு அது.

இதெல்லாம் அவள் மனதுக்குள் ஓடியது. வாய்விட்டுச் சொன்னது இதில் கால்வாசிகூட இல்லை. சொன்னதில் குற்றமாகிப்போனது ஒரே ஓர் எழுத்து. அதற்காகத்தான் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் தங்கை கொண்டுவந்தது. அவள் ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைக்கிறாள். பெண்களை ஆலைக்கு ஏற்றிப்போய்க் கூட்டிவரும் வேனை ஒரு பெண்தான் ஓட்டுகிறாள். எல்லோருக்கும் அவள் ‘ஸ்டியரிங் அக்கா.’ அன்று தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே முழுவதையும் கொட்டினாள். கடைசியில், “நீ இதை எழுதலைன்னா அப்புறம் என்னத்தத்தான் எழுதப்போற?” என்றாள்.

(தங்கை என்னை ‘நீ’ என்கிறாள். எங்கள் வீட்டில் அது நெருக்கம். கடவுளையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் இதுவரை யார்மீதும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை.)

2

முதல் தொடக்கம்: “உச்சி வெயிலில் தார்ச்சாலை உருகிக்கொண்டிருந்த வேளையில், தூரத்தில் ஒரு—”

வேண்டாம். வெயிலை வர்ணிக்க நான் வரவில்லை. நேராகச் சொல்கிறேன்.

யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று சாலையை மறித்திருந்தார்கள். காலை ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண்களோடு (என் தங்கையும் அதில்தான்) வேன் நட்டநடுவில் மாட்டிக்கொண்டது. இளம் காவலர் ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சாவியைத் திருகி உருவினார்.

“ஏய், வண்டிய ஓரங்கட்டு!” என்றார்.

“சாவி உங்க கையில இருக்கே தம்பி” என்றாள் அவள்.

“யாருக்கு யாரு தம்பி? ஓரங்கட்டுடின்னா!” என்றார்.

“சாவிய நீ எடுத்துக்கிட்ட. நான் எதை வெச்சு ஓரங்கட்டறது?” என்றாள்.

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: “விசில் அடிக்கச் சொல்லுக்கா, வண்டி பயந்து தானா நகரும்.” வேனே குலுங்கிச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவர் விட்டிருப்பார் என்று தங்கை நினைக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘நீ’ அவர் காதில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. பெண்களே இறங்கி வேனைத் தள்ளி ஓரங்கட்டினார்கள். ஸ்டியரிங் அக்காவைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள்.

(வரைவைப் படித்த தங்கை: “அழைத்துச் சென்றார்களா? கல்யாணத்துக்கா? தள்ளிக்கிட்டுப் போனாங்கன்னு எழுது.”)

3

காவல் நிலையத்தில் புகாரை எழுதுகிறவருக்கு ரைட்டர் என்று பெயர். அவரும் ரைட்டர், நானும் ரைட்டர். ஒரே சம்பவத்துக்கு இரண்டு கதைகள். அவருடையதை அவர் வாசித்துக் காட்டினார். பின்னாலேயே நடந்துவந்து மற்ற பெண்களோடு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த என் தங்கைக்கும் கேட்டது:

“பணியிலிருந்த காவலர், வாகனத்தை ஓரமாக நிறுத்துமாறு கனிவுடன் கேட்டுக்கொண்டபோது, மேற்படி பெண் அவரை ஒருமையில் பேசி, பணி செய்யவிடாமல் தடுத்து…”

நல்ல நடை. ஒற்றுப்பிழைகூட இல்லை. ‘ஓரங்கட்டுடி’ எவ்வளவு சுலபமாகக் ‘கனிவுடன்’ ஆகிவிட்டது, பாருங்கள். இத்தனை வருடம் எழுதியும் எனக்கு இந்தக் கற்பனை வாய்த்ததில்லை.

பேச்சுரிமை உண்டு என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தோம். அது எந்த இடத்தில் முடிகிறது என்று அந்தப் புத்தகம் சொல்லவில்லை. ‘நீ’க்கும் ‘நீங்க’வுக்கும் நடுவில் முடிகிறது. அங்கே காக்கிச்சட்டை போட்ட ஒருவர் நிற்கிறார்.

4

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். காவலர் ‘என்றார்.’ அவள் ‘என்றாள்.’

நான் யோசித்துப் போட்டதில்லை. கை தானாகப் போட்டது. அவள் நாற்பதைத் தாண்டியவள். அவருக்கு அவளுடைய கடைசித் தம்பியைவிடக் குறைந்த வயது. அவர் ‘டி’ போட்டார், நான் அவருக்கு ‘ஆர்’ போட்டேன்.

“காவலன் என்றான்” என்று எழுதிப் பார்த்தேன். ஓர் எழுத்து மாற்றம்தான். அதுவரை எழுதியதை அப்படியே மாற்றி அனுப்பினேன். படித்த பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டார்.

“கதை நல்லா வந்திருக்கு மேடம். போலீஸ்காரரை மட்டும் ‘அவர்’னு மாத்திடலாமே? எதுக்கு வம்பு?”

“அந்தம்மாவை ‘அவள்’னு எழுதியிருந்தேனே, அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே சார்.”

“அது… அது வழக்கம்தானே மேடம்.”

வழக்கம். சரி. இனி இந்தக் கதையில் ‘அவர்’ என்றால் ஸ்டியரிங் அக்கா. ‘அவன்’ என்றால் சாவியை எடுத்தவன். ஆசிரியர் வெட்டினால் வெட்டிக்கொள்ளட்டும்.

5

ஆலையிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்திருந்தார். அடுத்த ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு இரண்டு மணிக்குள் வேன் வாசலுக்கு வரவில்லையென்றால், நாளையிலிருந்து வேறு வண்டி. அந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை இல்லை. இது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

“கேஸெல்லாம் வேணாம்” என்றான். “நீ என்ன கேட்டியோ அதையே மரியாதையா ஒரு தடவை கேளு. ‘சாவிய நீங்க எடுத்துக்கிட்டீங்க’ன்னு சொல்லு. வாங்கிட்டுப் போய்க்கிட்டே இரு.”

சாவியை மேஜையின் பாதிவரை நகர்த்தினான்.

கவனியுங்கள், கேள்வியோடு அவனுக்குச் சண்டையே இல்லை. சாவியை எடுத்தது அவன்தான் என்பதிலும் சண்டை இல்லை. ‘ங்க’ ஒன்றுதான் பாக்கி.

விஷயம் தெரிந்து ஓடிவந்திருந்த கொழுந்தன் குனிந்து கிசுகிசுத்தான்: “அண்ணி, ஒரே ஒரு ‘ங்க.’ காய்க்காரர்கிட்டகூடச் சொல்றீங்க. இவர்கிட்ட சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?”

“காய்க்காரர் என்னை ‘டி’ போடலயே” என்றார் அவர்.

6

முடிவுகள்.

அ) அவர் சொல்லிவிடுகிறார். சாவி கைக்கு வருகிறது, வேன் கிளம்புகிறது. இதில் கேவலம் ஒன்றுமில்லை. நாம் பெரும்பாலோர் தினமும் செய்வதுதான். ஆனால் அன்று அப்படி நடக்கவில்லை.

ஆ) உள்ளறையிலிருந்து ஒரு நல்ல அதிகாரி வந்து, “அம்மாவுக்குச் சாவியைக் கொடுப்பா” என்று அவனைக் கண்டிக்கிறார். இதை ஒரு பக்கம் எழுதிவிட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். இனிப்புக் கொடுப்பதுபோல மரியாதையையும் அவர்களே கையில் எடுத்துக் கொடுக்க வேண்டுமா?

இ) ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்கள் ஒன்றாகக் குரல் எழுப்ப, அந்தச் சத்தத்தில்—

இல்லை. அவர்கள் பயத்தில் நின்றார்கள். போகாமல் நின்றார்கள், அது போதும்.

சாவி கிடைத்ததா, வேன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தங்கை என்னிடம் சொல்லிவிட்டாள். நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. கிடைத்தது என்றால், நியாயம் ஜெயித்தது என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். கிடைக்கவில்லை என்றால், இந்த வீம்பு தேவையா என்பீர்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அந்தச் சாவியை.

7

நடந்ததில் நான் தரக்கூடியது இவ்வளவுதான்.

அவர் சாவியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்தார்.

“ம், சொல்லு” என்றான் அவன்.

அவர் அவன் பக்கம் திரும்பவில்லை. மூலையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

“ரைட்டர் சார், நீங்க எழுதிக்கங்க. ‘நீ’ன்னுதான் சொன்னேன்.”

எழுதிக்கொண்டேன்.