சேற்றுச் சட்டை

நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டதில் கண்ணாத்தாளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அதைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். கூடவே நட்ட அமலி குளித்துவிட்டு, கோடுபோட்ட ரவிக்கையோடு மாதா கோயில் தேருக்குக் கிளம்பி நின்றாள். தெருவே அவளைத்தான் பார்த்தது.

"சிங்கப்பூர் துணியா? புருசன் அனுப்புனா யாருக்குத்தான் எடுப்பா இருக்காது?" என்றாள் கண்ணாத்தாள்.

அமலி சிரித்தாள். "அட போங்கக்கா. அவரு விட்டுட்டுப் போன சட்டை. நடவுக்குச் சேலை மேல போட்டுக்கிட்டு வருவேன்ல, அதேதான். கை கிழிஞ்சிடுச்சு, ரவிக்கையா வெட்டித் தச்சிட்டேன்."

சிங்கப்பூர்க் காசு என்றால் கண்ணாத்தாள் தன் புருசனைத் திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். சேற்றில் கிடந்த சட்டை என்றதும் தாங்கவில்லை. அவளிடம் ஒரு பெட்டி நிறையச் சேலை கிடந்தது. எதைக் கட்டினாலும் பொதிமூட்டையாகத்தான் தெரிந்தாள்.

மறுநாள் வெட்கத்தை விட்டு, புருசன் ரெத்தினத்தின் பழைய கட்டம்போட்ட சட்டையோடு அமலி வீட்டுக்குப் போனாள். அமலி அளவெடுத்து அதை ரவிக்கையாகத் தைத்துக் கொடுத்தாள். "இதுக்கு அந்தப் பச்சை நூல்சேலையக் கட்டுங்க. புதுசு எதுவும் வாங்காதீங்க" என்றாள். கூலி வாங்கவில்லை.

அந்த ரவிக்கையோடு குடவாசலில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பெண்கள் கண்ணாத்தாளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாருக்கா தச்சது?"

அமலி பக்கத்தில்தான் நின்றாள்.

"நானேதான். இதென்ன பெரிய வித்தையா?" என்றாள் கண்ணாத்தாள்.

அமலி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டாள்.

'அமலி தச்சது' என்று அங்கே சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வார்த்தையை, கண்ணாத்தாள் அவளுக்கு இன்னும் கொடுக்கவில்லை.