மெரிதாவுக்கு எழுதிய பதில்

அன்று எனெய்தாவின் முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் எனெய்தா. வயது ஐம்பத்தெட்டுதான், ஆனால் தலை மழித்துச் சாமியை ஏற்று முப்பத்து மூன்று வருடம் ஆகிறது. அவளுக்கு வலப்புறம் பிரம்பு நாற்காலியில், சோழி போட்டுப் பலன் சொல்லும் நிக்கனோர், இருபத்தேழு வருடம். எதிரே, மேசையை ஒட்டிய பெஞ்சில் மிக்தாலியா; பதினாறு வருடம். எனெய்தா அவளுடைய ஞானத்தாய், அவளுக்குத் தலை மழித்துச் சாமி கொடுத்தவள். சமையலறை வாசலில் தாழ்ந்த முக்காலியில் அசேலா. நால்வரில் மூத்தவள் அவள்தான், எழுபது தாண்டிவிட்டது. ஆனால் தீட்சை பெறாதவள். மத்தான்சாஸ் ஊரில் சாமி இருக்கிற எந்த வீட்டிலும் நாற்காலியை நரை தீர்மானிப்பதில்லை, தலை மழித்த வருடம்தான் தீர்மானிக்கும்.

மேசை மேல் மெக்சிகோவிலிருந்து வந்த கடிதம் பிரித்துக் கிடந்தது. மெரிதா ஊரைச் சேர்ந்த ஹெர்லிந்தா பெச் என்கிற பெண் எழுதியது. மிக்தாலியா உரக்கப் படித்தாள்.

“ரோகே சல்தானியா என்பவர் தாம் உங்கள் வீட்டில் தீட்சை பெற்றதாகச் சொல்கிறார். அடுத்த மாதம் இருபதாம் தேதி எனக்குத் தலை மழிக்கப் போகிறார். தலையில் சாமியை ஏற்றுவது ஆயுளில் ஒருமுறைதான், தப்பான கையில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது என்று கேள்விப்பட்டேன். அதனால் கேட்கிறேன், இவர் உங்கள் வீட்டுப் பிள்ளையா? அத்தாட்சியாக அவர் காட்டிய நோட்டுப் பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.”

“ரோகேயா?” என்றார் நிக்கனோர். “அந்த வெள்ளைத் தொப்பிக்காரனா? ரெண்டு குளிர்காலம் இங்க வந்து தங்கினானே! இந்த வீட்டுல அவன் வாயத்தான் காட்டினான், தலைய எப்பக் காட்டினான்?”

அசேலா சிரித்துவிட்டாள். மிக்தாலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நகலில் இருந்தது அவளுடைய எழுத்து.

தீட்சையின் மூன்றாம் நாள் சோழி போட்டு, புதியவருக்கு இனி எது ஆகும், எது ஆகாது என்று சாமி சொல்வதைக் கேட்பார்கள். அதை நோட்டில் எழுதி, அடியில் கையெழுத்துப் போடுவது பதினைந்து வருடமாக அவள் வேலை. அவளுடைய வளைந்த எழுத்து, அவளுடைய கையெழுத்து. பெயர் இருக்க வேண்டிய வரியில் மட்டும் வேறு யாரோ ‘ரோகே சல்தானியா’ என்று எழுதியிருந்தார்கள்.

“இது யாருக்கோ நான் எழுதினது. யாருக்குன்னுதான் தெரியல” என்றாள்.

“படிச்சுப் பாரு தங்கச்சி. நான் சொன்ன பலன் எனக்கு மறக்காது.”

“முதல்ல அஞ்சு சோழி வாய் திறந்திருக்கு, அப்புறம் ஏழு. பூசணிக்காய் சாப்பிடக் கூடாது. ராத்திரியில சீட்டியடிக்கக் கூடாது. கூரை மேல ஏறக் கூடாது...”

அசேலா கையிலிருந்த காப்பிக் கோப்பையைத் தரையில் வைத்தாள்.

“அது என் வீட்டுக்காரருக்குச் சொன்னது” என்றாள்.

அவள் கணவர் எவெலியோ இரண்டு வருடம் முன்பு, புயலுக்கு மறுநாள், ஓடு மாற்றக் கூரையில் ஏறி விழுந்து இறந்தவர்.

நிக்கனோர் அவள் பக்கம் திரும்பினார். “செத்தவரோட நோட்டு அவரோடயே போகணும். மழிச்ச முடி, சீப்பு, நோட்டு, எல்லாத்தையும் கூடையில போட்டு அனுப்பிட்டோம். நோட்டு உன் வீட்டுலதானே இருந்துச்சு அசேலா?”

“ஏய்யா, என்னையா கேக்குற? வெள்ளை உறை போட்டு நான்தான் கொண்டாந்தேன். சாமி அறை மேசையில வச்சேன். கிழிச்சுக் கூடையில போட்டவன் நீ!”

“கிழிச்சேன். உறையோட சேத்துக் கிழிச்சேன்.”

“திறந்து பாத்தியா?”

“அந்த நேரத்துல எவன் திறந்து பாப்பான்?”

“பாக்கலையா, இல்ல வேற ஏதாவது பழைய நோட்டக் கிழிச்சுட்டு இத அந்தத் தொப்பிக்காரனுக்குக் குடுத்துட்டியா? நீயும் அவனும் ஒரே பாட்டில்ல குடிச்சவங்கதானே!”

“குடிச்சதுக்காக வீட்டையே வித்துருவேனா?” நிக்கனோர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அது கோபமா, பயமா என்று மிக்தாலியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு பேரையுமே மாறி மாறிச் சந்தேகப்பட்டாள். நகலை நிக்கனோர் வெடுக்கென்று வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்துத் தெரியாத அசேலாகூட அதை வாங்கி மடியில் வைத்துத் தடவினாள். அப்போதுதான் மிக்தாலியாவுக்கு உறைத்தது: அதைப் பார்க்கக் கேட்காதவள் இந்த அறையில் ஒருத்திதான்.

மிக்தாலியா ஜன்னல் பக்கம் திரும்பினாள். “அம்மா, நீங்க பாக்கலையே?”

“கண்ணு சரியில்லடி.”

“ரோகேதானே உங்களுக்குக் கண்ணு மருந்து கொண்டு வந்து குடுத்தான்?”

எனெய்தா விசிறியை மடித்தாள். பிறகு விரித்தாள். கடைசியில், யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

“என் கையால சாமி வாங்கினவங்கள்ல எனக்கு முந்திப் போனவன் எவெலியோ ஒருத்தன்தான். கிழிக்க விட மனசு வரல. உறைக்குள்ள என்னோட பழைய பாட்டு நோட்ட வச்சுட்டு, இத எடுத்து ஒளிச்சு வச்சேன். அந்தப் பாவி தோல் அட்டை போட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போனான். திரும்பி வரல.”

அசேலா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். நிக்கனோர் உட்கார்ந்தார்.

எனெய்தா குரலைச் சரிசெய்துகொண்டு, “எழுது பொண்ணே, ‘இந்த ஆள எங்களுக்குத் தெரியாது’ன்னு. ஒரே வரி. போதும்” என்றாள்.

“அது பொய்ம்மா. போதவும் போதாது. அவன் இந்தப் பக்கத்த அவ மூஞ்சிக்கு நேரா நீட்டி, ‘பாரு, அவங்க எழுத்து, அவங்க கையெழுத்து, பொறாமையில மறுக்குறாங்க’ம்பான். அவ நம்பிடுவா. அந்த ஊர்ல அவ அவன நம்புறதே என் கையெழுத்தப் பாத்துத்தான்.”

“அப்ப ஞானத்தாய் திருடின்னு எழுதப் போறியா? இந்த வீட்டுப் பேர் என்ன ஆகும்? உன் தலையும் இந்த வீட்டுலதான் மழிச்சது, மறந்துறாத.”

“மறக்கல” என்றாள் மிக்தாலியா. அதுதான் அவளைக் குடைந்தது. அவளுக்கு மழித்ததும் இதே கைதான். இந்தக் கை ஒளித்தது இது ஒன்றுதானா என்ற கேள்வி இனி அவளை விட்டுப் போகாது.

நிக்கனோர் மெல்ல, “எழுதட்டும் எனெய்தா. அந்தப் பொண்ணுக்கும் ஒரே தலைதான்” என்றார்.

மிக்தாலியா எழுதினாள். வழக்கம்போல எண் போட்டு எழுதினாள். ஒன்று: ரோகே சல்தானியா எங்கள் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியவர், தீட்சை பெற்றவர் அல்ல. இரண்டு: நீங்கள் அனுப்பிய பக்கம் இறந்துபோன எவெலியோவுக்கு நான் எழுதியது, பெயர் வரி மட்டும் என் எழுத்தல்ல, மற்ற வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று: அது எங்கள் வீட்டை விட்டுப் போனது எங்கள் குற்றம், கிழிக்க வேண்டியதை என் ஞானத்தாய் கிழிக்க விடவில்லை. நான்கு: இனி யாரிடம் போனாலும் காகிதத்தைக் கேட்காதீர்கள், என்னுடைய காகிதத்தையும் சேர்த்துத்தான். மழித்த அன்று அறைக்குள் நின்றவர்கள் யார் யார், அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். போய்ப் பாருங்கள். பெயர் சொல்லத் தயங்குகிறவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வரியை எழுதும்போது பேனா நின்று நின்று போனது. முடித்ததும் உரக்கப் படித்தாள்.

“குடு. நாளைக்குக் காலையில தபாலாபீஸ் பக்கம்தான் போறேன். நானே போட்டுடறேன்” என்று எனெய்தா கையை நீட்டினாள்.

அவள் நிஜமாகவே போட்டிருக்கவும் கூடும்.

“வேண்டாம்மா. நானே போறேன்.”

“என்ன நம்பலையா?”

மிக்தாலியா விடைபெறும் முறைப்படி அவள் காலடியில் குப்புறப் படுத்தாள். எனெய்தா தோளைத் தொட்டு எழுப்ப வேண்டும், அதுதான் வழக்கம். அந்தக் கை வரக் கொஞ்சம் நேரமானது. ஆனால் வந்தது.

தபாலாபீஸில் பசைக் கிண்ணம் பாதி காய்ந்திருந்தது. விரலால் சுரண்டி எடுத்து உறையை ஒட்டி, நான்கு ஓரத்தையும் அழுத்தினாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் பதிவுச் சீட்டைக் கிழித்துத் தந்து, “இன்னும் என்னம்மா நிக்கிற?” என்றாள்.

“பைக்குள்ள போறதப் பாத்துட்டுப் போறேன்.”

அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு முத்திரை குத்தினாள், கடிதத்தை வெளிநாட்டுப் பைக்குள் போட்டாள்.