பெரியம்மா கேட்ட முடிவு

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடம் தட்டச்சராக இருந்த என் பெரியம்மா கேட்டு வாங்கியது. "எங்க டைப்பிங் ரூமைப் பத்தி நல்லபடியா எழுதேன்" என்றார். முடிவையும் அவரே சொல்லிவிட்டார். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

2

முதல் தொடக்கம்: நீதி தேவதையின் கண்கட்டு அவிழ்ந்த அன்று... (வேண்டாம். பெரியம்மாவே சிரிப்பார்.)

இரண்டாவது: ஆறு தட்டச்சு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும். எது யாருடைய சத்தம் என்று பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். கார்பன் தாளின் நீலம் எவ்வளவு கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. பக்கத்து மேசைக்காரிக்குப் 'புயல்' என்று பேர்; அவ்வளவு மெதுவாக அடிப்பாள். இடைவேளையில் ஆறு பேரும் சிரிக்கிற சிரிப்பில் வக்கீல்கள் எட்டிப் பார்ப்பார்களாம். இதைச் சொல்லும்போது பெரியம்மாவுக்கு இருபது வயது குறைந்துவிடுகிறது. எனக்கே அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார ஆசை வந்துவிட்டது. இதுவே இருக்கட்டும்.

3

அந்தக் காலச் சட்டச் சொற்கள் அவர் விரலிலேயே இருந்தன: கற்பழிப்பு, மானபங்கம். கூண்டில் நிற்கிற பெண் எப்படிச் சொன்னாலும் தாளில் விழுவது அதுதான். (இப்போது சொற்கள் மாறிவிட்டன. பழைய தாள்கள் அப்படியே இருக்கின்றன.)

ஒரு நாள் ஒரு தையல்காரப் பெண் சாட்சி சொன்னாள். சொன்னதை அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள். "என் கற்பை அழித்துவிட்டார்" என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"நான் அப்படிச் சொல்லலீங்க. என்கிட்ட எதுவும் அழியல. வேணாம் வேணாம்னேன், அவன் விடல. அதையே போடுங்க."

நீதிபதி பெரியம்மாவைப் பார்த்தார். "என்னம்மா, அவங்க சொன்னதைத்தானே அடிச்சீங்க?"

பிழையே வராத கை என்று பேர் வாங்கியவர் பெரியம்மா. அந்தப் பேரை அன்றைக்கு விட மனசு வரவில்லை.

"ஆமாங்கய்யா" என்றார்.

அந்தப் பெண் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

4

"அவனுக்குத்தான் தண்டனை கிடைச்சுதே, பெரியம்மா?"

"கிடைச்சுது. ஆனா அந்தத் தாள்ல அவ பேச்சு இல்லையே. நான் தாளை உருவிட்டு மறுபடி அடிச்சுக் குடுத்தேன்னு எழுது. கதைதானே? யாரு கேக்கப் போறா?"

எழுதிப் பார்த்தேன்: பெரியம்மா தாளை உருவினார். புதுத் தாளைச் செருகி, அந்தப் பெண் சொன்னதை ஓர் எழுத்து விடாமல்...

நிறுத்திவிட்டேன். நன்றாகத்தான் வருகிறது. இதைப் படித்தால் பெரியம்மாவின் மனசு ஆறும். அவர்மேல் எனக்கு உயிர். ஆனால் அந்தப் பெண் எங்கேயோ இருக்கிறாள். அவளுக்கு நடந்ததை அவளைக் கேட்காமல் இன்னொரு தடவை மாற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

[முடிவுக்கு நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன்.]

போன் அடிக்கிறது. பெரியம்மாதான், எழுதியாச்சா என்று கேட்க. எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் எடுத்துப் பேசுங்கள்.